சிஸர் லிஃப்ட், பூம் லிஃப்ட் பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆலைகளுக்கும் குடோன்களுக்கும் வாடகைக்குப் போகும் லிஃப்ட் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். உயரத்தில் விளக்கு மாற்ற, தண்ணீர் பைப் இழுக்க, கேபிள் ட்ரே கட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மெஷின்கள் இவை. கத்தரி போல விரிந்து நேராக மேலே ஏறுவது சிஸர், கை போல நீண்டு ஆள் நிற்கும் கூடையைக் கொண்டுபோவது பூம். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை பேட்டரியைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஆபரேட்டரும் மெயின்டனன்ஸ் ஃபிட்டரும் முதலாளியும் படிக்கட்டும். இரவில் சார்ஜரைச் செருகிவிட்டு ரவுண்டு போகிற செக்யூரிட்டி அண்ணனுக்கும் யாராவது படித்துக் காட்டினால் நல்லது. பேட்டரியின் ஆயுளில் பாதி அவர் கையில் இருக்கிறது.

இந்த மெஷினில் இருப்பது கார் பேட்டரி மாதிரிதானே?

இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும், உள்ளே வேறு. கார், லாரி பேட்டரியின் வேலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. சில விநாடிகள் பெரிய கரண்டைக் கொடுத்துவிட்டு மீதி நேரம் நிறைந்தே இருக்கும். அதனால் அதில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். லிஃப்டுக்கு வேண்டியது நாள் முழுக்க மெதுவாக இறங்கி இரவில் மறுபடி ஏறுகிற பேட்டரி. இதைத் தொழிலில் ‘டீப் சைக்கிள்’ என்போம். இதன் தகடுகள் தடிமனானவை.

19 அடி சிஸர் லிஃப்ட் என்றால் வழக்கமாக 6 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். மின்சார பூம் லிஃப்டில் எட்டு இருக்கும், மொத்தம் 48 வோல்ட்.

ஒரு சைட்டில் அவசரத்துக்கு லாரி பேட்டரி இரண்டைப் போட்டு, “24 வோல்ட் வந்துடுச்சே அண்ணா, ஓடுதே” என்றார்கள். ஓடத்தான் செய்யும். மூன்று மாதத்தில் இரண்டும் செத்துவிட்டன. புதுசு வாங்கியதோடு, நின்றுபோன நாட்களின் வாடகையும் அவர்கள் தலையில் விழுந்தது.

பேட்டரியில் 225 ஏஎச் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு கிடைக்கவே இல்லையே?

ஏஎச் என்பது ஆம்பியர் மணி, பேட்டரி எவ்வளவு கரண்டை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு. அந்த 225, பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. அதே பேட்டரியை 5 மணி நேரத்தில் இறக்கினால் சுமார் 185 தான் கிடைக்கும். லெட் ஆசிட் பேட்டரியின் இயல்பே அதுதான். வேகமாக உறிஞ்சினால் குறைவாகத் தரும். ஜெர்மனியைச் சேர்ந்த பாய்கெர்ட் என்ற விஞ்ஞானி 1897-லேயே இதைச் சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார்.

லிஃப்டில் அதிகக் கரண்ட் இழுப்பது தூக்கும்போதும், சரிவில் ஏறும்போதும். சிஸர் இறங்குவது தன் எடையால்தான், பம்ப் ஓடாது. அதனால் ஒரே இடத்தில் வேலையை முடித்துவிட்டு இறங்குகிற ஆபரேட்டரிடம் பேட்டரி மாலை வரை வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுகிறவரிடம் மதியமே தீரும். மெஷின் ஒன்றுதான், கை வேறு.

லெட் ஆசிட், ஏஜிஎம், லித்தியம். எது நல்லது?

உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் பதில் சொன்னால் அது வியாபாரப் பேச்சாகிவிடும். மூன்றையும் சொல்கிறேன், உங்கள் வேலையோடு பொருத்திப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரியின் அடிப்படை 1859-இல் பிரான்ஸில் பிளான்டே கண்டுபிடித்தது. ஈயத் தகடு, கந்தக அமிலம், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது நிற்பதற்குக் காரணம் உண்டு. விலை குறைவு. ஓசூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். எந்த செல் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அறை) கெட்டது என்பதை மூடியைத் திறந்து பார்த்தே சொல்லலாம். பழசைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலையும் உண்டு. ஆனால் பராமரிப்பு கட்டாயம். ஒரு மாதம் மறந்தால்கூட அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

ஏஜிஎம் என்பதும் லெட் ஆசிட்தான். அமிலம் தனியாகத் தளும்பாமல் கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றவும் முடியாது. உணவு ஆலை, மருந்து ஆலை போல அமிலச் சொட்டு தரையில் விழக்கூடாத இடங்களுக்குப் பொருத்தம். விலை அதிகம். ஓவர் சார்ஜ் ஆனால் இதற்கு மன்னிப்பு கிடையாது. உள்ளிருந்து போன தண்ணீர் போனதுதான், திரும்ப ஊற்ற வழியில்லை.

லித்தியம் என்று லிஃப்டில் பெரும்பாலும் வருவது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 1990களின் பிற்பகுதியில் டெக்சாஸில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் குழு கண்டறிந்த வகை இது. லித்தியம் அயான் பேட்டரிக்கான பணிக்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு செல் 3.2 வோல்ட், எட்டு சேர்ந்தால் 25.6. நடுவில் எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், தண்ணீர் வேலை கிடையாது. லெட் ஆசிட் பேட்டரியை 80 சதவீதம் வரை தினமும் இறக்கினால் சில நூறு சுற்றுகளில் களைத்துவிடும். நல்ல எல்எஃப்பி இரண்டாயிரத்தைத் தாண்டும்.

என் கருத்து இது: ஒரே ஷிப்ட், இரவில் எட்டு மணி நேரம் சார்ஜுக்கு நிற்கும், வாரம் ஒருநாள் பேட்டரியைப் பார்க்க ஓர் ஆள் உண்டு என்றால் சாதாரண லெட் ஆசிட்டே போதும். இரண்டு, மூன்று ஷிப்ட் ஓடுகிற இடமாக இருந்தாலோ, யாரும் தண்ணீர் பார்க்கப்போவதில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருந்தாலோ லித்தியத்துக்குப் போங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் எப்போது, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் சொல்வேன். நான் பார்த்தவரை பேட்டரி சாவது பெரும்பாலும் தண்ணீரில்தான். இல்லாமல் சாகிறது, அல்லது தப்பான தண்ணீரால் சாகிறது.

சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அமிலம் விரிந்து மட்டம் உயரும், குமிழியும் வரும். முன்பே நிரப்பி வைத்தால் வழிந்து ட்ரேயில் கொட்டும். கொட்டுவது வெறும் தண்ணீரா? அமிலமும் சேர்ந்து போகிறது. அடுத்த முறை நீங்கள் தண்ணீர்தான் ஊற்றுவீர்கள், அமிலம் நீர்த்துப்போகும், பலம் குறையும். ட்ரே அரிப்பது தனி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. திறந்து பார்க்கும்போது தகடு வெளியே தெரிந்தால், சார்ஜுக்கு முன்பே தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். காற்றுப்பட்ட தகட்டோடு சார்ஜ் போட்டால் அந்தப் பகுதி நிரந்தரமாகக் கெடும். சார்ஜ் முடிந்ததும் மீதியை, மூடிக் குழாயின் அடிவிளிம்புக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே வரும்வரை ஊற்றினால் போதும். தளும்பத் தளும்ப வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? புது பேட்டரி குறைவாகக் குடிக்கும், பழசு அதிகம் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். சித்திரை, வைகாசியில் தவறவே விடாதீர்கள். நாலில் ஒரு பேட்டரி மட்டும் மற்றதைவிட அதிகமாகக் குடித்தால் அதைக் குறித்து வையுங்கள், அதில் ஏதோ கோளாறு தொடங்கியிருக்கிறது.

போர் தண்ணீரை ஊற்றினால் என்ன? ஆர்ஓ கேன் தண்ணீர்?

இரண்டும் வேண்டாம். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-இல் தொடங்கி வைத்தார்கள். பல் கறுத்த, முட்டி வளைந்த பெரியவர்களைப் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பேட்டரிக்கு ஃபுளோரைடைவிட வேறு சில உப்புகள்தான் பெரிய எதிரி. குளோரைடு தகட்டை அரிக்கும். இரும்பு கலந்தால் பேட்டரி சும்மா நின்றபடியே தானாக இறங்கும்.

தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது சேர்ந்துகொண்டே இருக்கும். இதனால்தான் “போன மாசம் ஊத்தினேன், ஒண்ணும் ஆகலையே” என்ற சமாதானம் செல்லாது. ஆர்ஓ கேன் தண்ணீரிலும் குடிக்க ருசிக்காகக் கொஞ்சம் உப்பு விட்டுவைப்பார்கள். டிஸ்டில்டு வாட்டர், அல்லது பேட்டரிக்கென்று விற்கும், உப்பு நீக்கிய டீமினரலைஸ்டு வாட்டர், இவைதான். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் வையுங்கள். துருப்பிடித்த தகர டப்பாவில் ஊற்றி வைத்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

பேட்டரி வீக்காக இருக்கிறது, கொஞ்சம் ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. கவிழ்ந்து கொட்டியிருந்தால் தவிர, ஆசிட்டைத் தொடவே வேண்டாம். வீக்கான பேட்டரியில் அமிலம் எங்கும் போய்விடவில்லை, சல்ஃபேட்டாகத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றினால்தான் அது திரும்ப வரும்.

மதிய சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சார்ஜ் போடலாமா?

லித்தியமாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், டீ நேரத்திலும் போடுங்கள். லெட் ஆசிட் என்றால் பழக்கமாக்க வேண்டாம். அதற்கு முழுச் சார்ஜ் வேண்டும். அடியிலிருந்து நுனிவரை ஏற 8 முதல் 10 மணி நேரம் ஆகும். கடைசிக் கட்டத்தில் வரும் குமிழிதான் அடியில் தங்கிய கனமான அமிலத்தைக் கலக்கிவிடுகிறது. பாதியில் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தால் மேலே தண்ணீராகவும் அடியில் அமிலமாகவும் பிரிந்து நிற்கும், அடிப்பகுதித் தகடு சல்ஃபேட் பிடிக்கும்.

வேலை பாதியில் நிற்கப்போகிறது, வேறு வழியில்லை என்ற நாளில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று இரவு முழுச் சார்ஜ் முடியும்வரை பிடுங்காதீர்கள்.

அதே மாதிரி, “இன்னும் பாதி இருக்கே, நாளைக்குப் போட்டுக்கலாம்” என்றும் விடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தாலும் அன்று இரவு சார்ஜ் போட வேண்டும். இறங்கிய நிலையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் தகட்டில் உள்ள சல்ஃபேட் கெட்டிப்படுகிறது. நாட்கணக்கில் விட்டால் சார்ஜர் கரைக்க முடியாத கல்லாகிவிடும்.

இரவு முழுக்கச் சார்ஜ் போட்டோம், காலையில் பாதிதான் ஏறியிருக்கிறது. சார்ஜர் போச்சா?

சார்ஜரைக் கழற்றுவதற்கு முன்னால் வயரைப் பாருங்கள். பத்தில் பல முறை காரணம் அந்த எக்ஸ்டென்ஷன் போர்டுதான். வீட்டு மிக்ஸிக்குப் போடும் மெல்லிய வயரை 50 மீட்டர் இழுத்து, மீதியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். இரவில் லைன் வோல்டேஜ் ஏற்கெனவே 200 பக்கம் இறங்கியிருக்கும். வயரில் இன்னும் 10, 15 வோல்ட் போய்விடும். சார்ஜர் திணறும், சில சார்ஜர்கள் தாமாகவே நின்றுவிடும். சுருட்டிய வயர் சூடேறி உருகுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தடித்த வயர், எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக், கூடிய வரை குறைந்த நீளம், இவை இருந்தால் பாதிப் புகார் வராது.

இன்னொரு காரணம் மனிதர்கள். இரவில் யாராவது போன் சார்ஜ் போடப் பிளக்கை மாற்றியிருப்பார்கள், அல்லது ஷெட்டின் மெயினை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. “இது லிஃப்ட் சார்ஜர், காலை வரை அணைக்க வேண்டாம்” என்று ஒரு அட்டையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதித் தொங்கவிடச் சொன்னேன். அந்தச் சைட்டிலிருந்து அப்புறம் அந்தப் புகார் வரவில்லை.

நம்ம ஊர் வெயில் பேட்டரியை என்ன செய்யும்?

லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரி சௌகரியம். அதற்கு மேல் சராசரி வெப்பம் 8 முதல் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஏப்ரல், மே மாதத்தில் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் தகரக் கூரைக்குக் கீழே மெஷினை நிறுத்திப் பாருங்கள், வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாகக் கொதிக்கும். வெயிலில் நின்ற மெஷினை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு, பேட்டரிப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துப் போடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்குக் காசு செலவில்லை.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே பேட்டரி கொஞ்சம் கூடுதல் நாள் வாழும். ஒரே லோடில் வந்த பேட்டரிகள் ஓசூரில் நிற்கும் மெஷினிலும் கீழே காவேரிப்பட்டணம் பக்கம் நிற்கும் மெஷினிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் ஓசூரில் லித்தியம் சார்ஜ் ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆகும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால்தான் சார்ஜ் ஏற்றக்கூடாது, அவ்வளவு குளிர் நமக்கு இல்லை.

பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மல்டிமீட்டர் பாதி உண்மையைச் சொல்லும், ஹைட்ரோமீட்டர் மீதியையும் சொல்லும். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஆறவிட்ட பிறகு 24 வோல்ட் செட் 25.4 காட்டினால் நிறைந்திருக்கிறது. 24.2 என்றால் பாதி. 23.3 பக்கம் வந்தால் 80 சதவீதம் காலி, அதற்குக் கீழே ஓட்டாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கியவுடன் வைத்தால் மீட்டர் ஏமாற்றும்.

ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் கிராவிட்டி, அதாவது அமிலத்தின் அடர்த்தி, பாருங்கள். நிறைந்த செல் 1.265 முதல் 1.280 வரை காட்டும். பாதி என்றால் 1.190 பக்கம். இந்த அளவு 27 டிகிரிக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். செல்லுக்குச் செல் 0.030க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஈக்வலைஸ் சார்ஜ் கொடுங்கள், அதாவது நிறைந்த பிறகும் கட்டுப்பாடாகச் சில மணி நேரம் அதிக வோல்டேஜில் ஏற்றுவது. தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும்தான் இது, ஏஜிஎம்முக்கும் லித்தியத்துக்கும் கூடவே கூடாது. அதற்குப் பிறகும் ஒரு செல் 0.050 பின்தங்கினால் அந்த பேட்டரி முடிந்தது.

நாலில் ஒன்றுதான் கெட்டிருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

செட் வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் மாற்றலாம், அதே கம்பெனி, அதே ஏஎச். அதற்கு மேல் ஆனால் நான்கையும் மாற்றுவதுதான் சிக்கனம். தொடரில் இருப்பதால் பழசு முதலில் தீரும், முதலில் நிறையும். புதியது ஒருபோதும் முழுதாக ஏறாது. கொஞ்ச நாளில் அதுவும் பழசோடு சேர்ந்துவிடும்.

மெஷின் இரண்டு மூன்று மாதம் சும்மா நிற்கும். என்ன செய்வது?

மாங்கூழ் ஆலைகளில் இது வருஷா வருஷம் நடக்கிறது. சீசனுக்கு முன் பராமரிப்பு வேலைக்கு லிஃப்டை நன்றாக ஓட்டுவார்கள். மாங்காய் வரத்து தொடங்கியதும் மெஷினை மூலையில் தள்ளிவிடுவார்கள். அங்கே தரையைத் தினமும் பீய்ச்சிக் கழுவும் தண்ணீர் வேறு. ஆடியில் போய்ப் பார்த்தால் சாவியைத் திருப்பினாலும் ஒரு விளக்குகூட எரியாது.

முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தண்ணீர் பார்த்து, மெயின் டிஸ்கனெக்டைப் பிடுங்கி, உலர்ந்த நிழலில் நிறுத்துங்கள். லெட் ஆசிட் சும்மா நின்றாலே மாதம் சுமார் 5 முதல் 15 சதவீதம் இறங்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஓர் இரவு சார்ஜ் போட வேண்டும். லித்தியத்துக்கு இது நேர்மாறு. முழுதாக ஏற்றி வைக்காமல் பாதி அளவில் நிறுத்துவது நல்லது.

பழைய மெஷினில் லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போடலாமா?

போடலாம். ஆனால் இந்தப் பதிலை முழுதும் படித்துவிட்டு முடிவெடுங்கள், ஏனென்றால் இது காசு விஷயம் மட்டும் இல்லை.

6 வோல்ட் பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ. நான்கு என்றால் 112 கிலோ. அதே திறனுள்ள லித்தியம் அதில் பாதிகூட இருக்காது. எடை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். காரில் நல்லது. லிஃப்டில் அந்த எடையைக் கணக்கில் வைத்துத்தான் மெஷின் கவிழாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். பேட்டரி கீழே, அடிச்சட்டத்தில் கனமாக இருப்பதால்தான் மேலே கூடை நீட்டி நிற்க முடிகிறது. பூம் லிஃப்டில் இது இன்னும் முக்கியம். பல மெஷின்களில் பேட்டரியின் குறைந்தபட்ச எடையே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் லேசான பேட்டரியை வைத்துவிட்டால், மெஷின் எப்போதும்போல ஓடும், ஏறும், இறங்கும். ஒருநாள் காற்றடிக்கும்போதோ, கூடை முழுக்க நீண்டிருக்கும்போதோதான் அந்தக் குறை வெளியே தெரியும். அப்போது மேலே நிற்பவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை.

ஆகவே மெஷின் தயாரித்த கம்பெனி அந்த மாடலுக்கு ஒப்புதல் கொடுத்த லித்தியம் செட்டை மட்டும் போடுங்கள். குறைந்த எடைக்கு ஈடாக இரும்புத் தகடு வைக்க வேண்டுமென்றால் எவ்வளவு, எங்கே என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். வெல்டிங் கடையில் கண்ணளவில் முடிவு செய்வது கூடாது.

அடுத்தது சார்ஜர். லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது. ஏற்றும் முறை வேறு, ஈக்வலைஸ் கட்டம் லித்தியத்துக்கு விஷம். மூன்றாவது, பேட்டரி மீட்டர். லெட் ஆசிட் வோல்டேஜ் படிப்படியாக இறங்குவதை வைத்து அது முள்ளைக் காட்டும். எல்எஃப்பி கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் நின்றுவிட்டுச் சட்டென்று விழும். பழைய மீட்டரை நம்பினால் “நிறைய இருக்கு” என்று காட்டிக்கொண்டே இருந்து, மேலே இருக்கும்போது உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல்) இணைப்பைத் துண்டித்துவிடும்.

கரண்ட் செலவு குறையுமா?

குறையும், ஆனால் அதற்காக மட்டும் மாற்றாதீர்கள். 24 வோல்ட் 225 ஏஎச் செட்டில் நிற்பது 5.4 யூனிட். அதில் 80 சதவீதம் பயன்படுத்தி மறுபடி நிரப்ப லெட் ஆசிட் சுமார் 6 யூனிட் இழுக்கும், லித்தியம் 5-க்குள் முடித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் சொச்சம்தான் லாபம். உண்மையான மிச்சம் தண்ணீர் பார்க்கும் ஆள் நேரத்திலும், மெஷின் நிற்காமல் ஓடுவதிலும், செட் மாற்றும் தடவை குறைவதிலும் இருக்கிறது.

போச்சம்பள்ளியிலேயே செல் தயாராகிறதே. ஸ்கூட்டர் பேட்டரியைக் கட்டி லிஃப்டில் போடலாமா?

ஓலாவின் ஸ்கூட்டர் ஆலையும் செல் ஆலையும் நம் மாவட்டத்தில் இருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஸ்கூட்டரில் பெரும்பாலும் வருவது நிக்கல் கலந்த வகை. குறைந்த எடையில் அதிகச் சக்தி அதன் குறிக்கோள். லிஃப்டுக்கு வேண்டியது நேர்மாறு, எடை இருந்தால் நல்லது, சூட்டைத் தாங்க வேண்டும். பழைய ஸ்கூட்டர் பேக்குகளைப் பிரித்துக் கட்டிக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பவர்கள் வருவார்கள். எந்த செல் எத்தனை சுற்று ஓடியது என்பது அவர்களுக்கே தெரியாது. ஆளைத் தூக்கும் மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம்.

மேலே இருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டால்?

பதற வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். சிஸர் லிஃப்டில் கீழே அடிச்சட்டத்தில் அவசரமாக இறக்கும் இழுப்பான் அல்லது வால்வு இருக்கும். கீழே உள்ளவர் இழுத்தால் தன் எடையால் மெதுவாக இறங்கும். பூம் லிஃப்டில் கீழ்க் கன்ட்ரோலில் துணை பம்ப் அல்லது கைப்பம்ப் இருக்கும். கரண்ட் போனதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கீழே ஒருவர் நிற்க வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். அவருக்கு அந்த இழுப்பான் எங்கே இருக்கிறது என்று காலையிலேயே காட்டிவிடுங்கள். ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சார்ஜ் ஏறும்போது பீடி, சிகரெட், வெல்டிங்?

லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். நிறம், மணம் கிடையாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். வெடித்தால் அமிலத்தோடு பிளாஸ்டிக் முகத்தில் அடிக்கும். காற்றோட்டமான இடம் வேண்டும், பெட்டிக் கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் கூடாது.

ஸ்பேனர் பிடிக்கும் முன் மோதிரம், காப்பு, வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 6 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து இரண்டு டெர்மினலுக்கு நடுவே மாட்டினால் மோதிரம் சிவக்கப் பழுக்கும், விரலோடு. நான் ஒரு விரலைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட் கண்ணில் பட்டால்?

உடனே சுத்தமான தண்ணீர், குறைந்தது 15 நிமிடம், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு. கழுவிக்கொண்டே வண்டி ஏற்பாடு செய்து கண் டாக்டரிடம் போங்கள். சமையல் சோடாக் கரைசல் தரையில், டெர்மினலில், ட்ரேயில் சிந்தியதற்கு நல்லது. கண்ணுக்கு அது வேண்டாம், தண்ணீர் மட்டும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது.

சோடா கரைத்த தண்ணீரால் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்து, இறுக்கிவிட்டு, மேலே வாஸ்லின் தடவுங்கள். கழுவும்போது செல் மூடிகள் மூடியிருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் அமிலத்தைக் கொன்றுவிடும். மறுபடி ஒரு வாரத்தில் பூத்தால் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள்.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடலாமா?

தெருவோரக் கடையில் போடாதீர்கள். அங்கே உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும், மண்ணிலும் தங்கும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்தபின் பேட்டரி தயாரிப்பவர்களே பழசைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு இருக்கிறது. புதுசு வாங்கும் கடையிலேயே எடைக்கு எக்ஸ்சேஞ்ச் கேளுங்கள், பில்லில் பழைய பேட்டரியின் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். லித்தியம் பேக் என்றால் கழற்றாமல், துளைக்காமல், இரண்டு டெர்மினலுக்கும் டேப் சுற்றி அப்படியே ஒப்படைக்க வேண்டும். எடுத்துப் போக வண்டி வரும் வரை நிழலில், மரப்பலகை மேல் தனியாக வைத்திருங்கள், சாக்குமூட்டைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம்.